சுத்தமான கரண்ட்

முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்.
வீணை தொடங்கும் முன்பே
பின்னால் ஒரு ம்ம்ம்,
பூட்டிய அறைக்குள் ஒற்றை ஈ போல.
ஸ்பீக்கரை மாற்றினேன். ம்ம்ம்.
வாசிப்பை நிறுத்தினேன். ம்ம்ம்.
மவுசை நகர்த்தினால் மட்டும்
கிர்ர் என்று அதற்கொரு பிர்கா.

சோமனூரில் எங்கள் சந்தில்
சுவருக்குச் சுவர் தறி.
ஒரே டிரான்ஸ்பார்மரில் நூற்றுப் பன்னிரண்டு மோட்டார்
(சைசிங் மில்லில் பில் போடுகிறவன்,
எண்ணாமல் இருக்க முடியாது).
காற்றில் வரும் சத்தத்துக்குக் கதவைச் சாத்தலாம்.
கம்பியில் வருவதற்கு?

யூஎஸ்பி வயரின் கழுத்தில்
கருப்பாய் இரண்டு ஃபெரைட் வளையம் மாட்டினேன்.
"திருஷ்டிக்குங்களா?" என்றாள் சொர்ணாத்தாள்.

அப்புறம் ஐசொலேட்டர். தீப்பெட்டி அளவு.
கம்ப்யூட்டருக்கும் டாக் பெட்டிக்கும் நடுவே
சேதியை விட்டு அழுக்கை நிறுத்தும்
வாளையாறு செக்போஸ்ட்,
காசு வாங்காதது.
ம்ம்ம் பாதியாயிற்று.
பாதியான பிறகுதான்
மீதி நன்றாகக் கேட்டது.

அடாப்டரைக் கையில் வைத்துப் பார்த்தேன்.
எடையே இல்லை.
ஒண்டிப்புதூர் வைண்டிங் கடைக்குப் போனேன்.
"ஒம்பது வோல்ட்டுக்கா இத்தனை கம்பி?
பம்புசெட்டுக்குக் கட்டற கைங்க இது,
இதென்ன கைக்கொழந்தையாட்டம்"
என்றபடி ஆரோக்கியமேரி சுற்ற உட்கார்ந்தார்.
ஆயிரத்து நாற்பது சுற்று.
எண்ணிக்கை தவறக்கூடாதென்று
அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

எர்த் குழிக்கு உப்பு, கரி, ஒரு குடம் தண்ணீர்.
பத்து நாளைக்கொருமுறை வரும் பில்லூர்த் தண்ணீர்.
வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை.

எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து நானூறு.
ஒரு நூல் அளவு ம்ம்ம்
அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குத்
தறியை நிறுத்தினார்கள்.
கூலி உயர்வு. பேச்சுவார்த்தை முறிவு.
பாவு பாதியில், நாடா பாதியில்.

அன்று ராத்திரி போட்டேன்.
ஈ இல்லை.
விரல் கம்பியோடு மெட்டுத் தாண்டும் உரசல்.
தனத்துக்கு முன் ஒரு மூச்சு.
பதிவறையில் யாரோ நாற்காலி மாற்றி உட்கார்ந்தது.
எத்தனை வருசம் இதே வட்டில் உட்கார்ந்திருந்தாரோ அவர்!

"சொர்ணா, இங்க வா, வந்து கேளு."
நின்று கேட்டாள், ஈரக் கையோடு.
"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.
"எதிர்வீட்டுக் கருணாம்பிகை
ரெண்டு படி அரிசி கேட்டா. குடுத்தேன்."

இரண்டாவது வாரம் சென்னியப்பன் வந்தார்.
நாலு தறி, அத்தனையும் லோனில்.
சத்தமில்லாத வீட்டில் இருப்புக் கொள்ளலையாம்.
"இந்தப் பொட்டி எவ்வளவுங்க?"
"மூவாயிரம்" என்றேன்.
வாசிப்புக்கு நடுவே எழுந்து போய்
உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல் வைத்தார்.
"காது இருவது வருசத்துக்கு முன்னமே போச்சுங்.
நூல் அத்துச்சா, ஓடுதான்னு
கையிலதான் கேக்கறது."
கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.
"நல்லா ஓடுதுங்" என்றார்.

பத்தொன்பதாம் நாள்.
கேட்டது பதினைந்து, கிடைத்தது ஆறரை சதவீதம்.
பல்பு ஒருமுறை மங்கி எரிந்தது.
சுவர் அதிர்ந்தது, தம்ளர் அதிர்ந்தது.
ம்ம்ம்.
எதிர்வீட்டில் குக்கர் விசில்.

மனுசன் திருந்தினால்தானே.
சாயங்காலமே ஒண்டிப்புதூருக்குப் போன் போட்டேன்:
இன்னொரு வடிகட்டி கட்ட முடியுங்களா?
"கட்டலாங்க. எதை வடிகட்டோணும்?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே
ஜன்னல் பக்கம் போனேன்.
கேக்குதுங்களா என்று கேட்டேன்.
"என்னங்க?" என்றார்.
"ஒரே தறிச் சத்தமா இருக்குது,
சித்த அக்கட்டால வந்து பேசுங்."