கண்டனூரில் ஒரு புள்ளி

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம்.
அதற்குள் கல் நட்டுவிட வேண்டும் என்றார் சோலையப்பன்.
அவர் பக்கத்துச் சுவர்க்கடிகாரத்தில் பத்து இருபத்தேழு.
பங்காளி நாச்சியப்பனின் செல்போனில் பத்து இருபது.
என் கருவியில் அதைவிடப் பதினெட்டு நொடி கூட.
அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தகராறு ஓரடி அகலம்,
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீளம்.
ஓரடி கடக்க ஒளிக்கு ஒரு நானோ நொடி.
மேலே ஒரு கடிகாரம் அவ்வளவு பிசகினால்
கீழே ஒருவர் சுவர் மற்றவர் மண்ணில்.

இருதயராஜ் கம்பைப் பிடித்து நிற்கிறான், குமிழி நடுவில்.
இரு பக்கமும் முப்பதடிச் சுவர்,
நடுவே ஒரு துண்டு அகலத்துக்கு வானம்.
அமெரிக்கக் கோள் மூன்று. நம்முடையது இரண்டு.

இடம் சொல்ல மூன்று போதும் என்பார்கள்.
போதாது.
நாலாவது, என் கையிலிருக்கும் கடிகாரம்
பொய் என்று ஒப்புக்கொள்ள.
இரண்டு கூட்டத்தையும் கலந்தால் ஐந்தாவதும் வேண்டும்:
அவர்கள் நேரத்துக்கும் இவர்கள் நேரத்துக்கும்
நடுவில் கிடப்பதைக் கண்டுபிடிக்கவே
ஒரு கோள் முழுசாகச் செலவு.

ஒருவர் எண்பது ஜனவரியிலிருந்து எண்ணுகிறார்,
மற்றவர் தொண்ணூற்றொன்பது ஆகஸ்டிலிருந்து.
பூமி சுற்றச் சுணங்கினால்
ரஷ்யக்காரர் நின்று ஒரு நொடி சேர்த்துக்கொள்வார்;
இவர்கள் இருவரும் திரும்பியே பார்ப்பதில்லை.
யார் கடிகாரத்தையும் யாரும் திருத்துவதில்லை.
வித்தியாசம் இவ்வளவு என்று
மேலிருந்தே சொல்லிவிடுவதுண்டு, சில சமயம்.

“புள்ளி கிடைச்சுதா?”
இந்த ஊரில் புள்ளி என்றால்
கோயிலுக்கு வரி கட்டும் ஒரு குடும்பம்.
இந்த வீடு கட்டியபோது ஒரு புள்ளி, இப்போது பதினொன்று.
எனக்குப் புள்ளி என்பது மூன்று எண்,
பின்னால் ஒரு கூட்டல் கழித்தல் குறி.

கிடைத்தது.
தெரியாதவை ஐந்து, கோள் ஐந்து.
சரிபார்க்க ஆறாவது இல்லை.
ஒரு மணி நேரம் பொறுத்தால் இன்னொன்று ஏறிவரும் என்றேன்.

“இப்பவே தாண்டிருச்சு.”
“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.”

பிறகு நாச்சியப்பன், தரையைப் பார்த்தபடி:
“உங்க கடிகாரம் எவ்வளவு கூட ஓடுது?”
சோலையப்பன் வேட்டியைச் சரிசெய்தார்.
“ஏழு.”
“அப்ப சரி.”

இருதயராஜ் சம்மட்டியை ஓங்கினான்.
பிழை: கூட்டல் கழித்தல் ஓரடி என்று
தாளில் தெளிவாகத்தான் எழுதினேன்.
படிக்காமல் இருவரும் கையெழுத்திட்டார்கள்.