சுருள்கதவுக்குக் கீழே

கிரிம்ஸ்பி மீன்தொழிலாளர் மன்றத்தின் சமையலறை
இன்றிரவு உடைமாற்றும் அறை.
உள்ளூர்க்காரர்கள் அடுப்புப் பக்கம்,
வெளியூர்க்காரர்கள் குளிர்பெட்டிப் பக்கம்.
நடுவே கொடியில் ஒரு மேசைவிரிப்பு.
எல்லைக்கோடு அதுதான்.

என் வேலை கையுறைகள்.
எட்டுப் பேருக்கு நான்கு சோடி.
இரண்டாம் சண்டை முடிந்ததும் கழற்றித் துடைத்து
நான்காம் சண்டைக்காரனுக்கு மாட்டுவேன்.
முன்னவன் வியர்வை உள்ளே ஆறியிருக்காது.
யாரும் முகம் சுளித்ததில்லை;
ஈரக் காலணிக்குள் கால் விடுகிறவர்களைப் போல
ஒரு நொடி தயங்குவார்கள்,
அவ்வளவே.

டேரலுக்கு இது இரண்டாவது சண்டை.
நூற்று முப்பத்தேழு டிக்கெட் விற்றிருக்கிறான்,
பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடியே இரண்டு.
ரைமொண்டாஸுக்கு அறுபத்தைந்தாவது.
வென்றது மூன்று. விற்ற டிக்கெட் ஒன்றுமில்லை.
பாஸ்டனில் முட்டைக்கோஸ் பொதியும் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தான்
(அமெரிக்காவில் இருப்பதல்ல, இங்கே தெற்கே இருப்பது).
நகக்கண்ணில் பச்சை.
அதை மூடித் துணி சுற்றி, பட்டை ஒட்டியதும்
ஆய்வாளர் அம்மாள் பேனாவால் கையெழுத்திட்டாள்,
சரக்கைப் பார்த்து அனுப்புகிறவளாக.

கையுறைக்கு முடிச்சிட்டு
முடிச்சின்மேல் பட்டையும் ஒட்டிய பிறகுதான் சேதி வந்தது:
மதுக்கூடப் படியில் ஒருவர் வழுக்கி விழுந்து
இடுப்பெலும்பு போய்விட்டதாம்,
ஆம்புலன்ஸ் அவரோடு போய்விட்டதாம்.
அது வாசலில் நிற்காமல் மணி அடிக்கக் கூடாது.

ஐம்பது நிமிடம்.

கையுறை மாட்டியவனுக்குக் கை இல்லை.
மூக்கு அரித்தால் தோளில் தேய்க்கிறான்.
அண்ணாந்து நிற்க, நான் தண்ணீர் வார்க்கிறேன்.
டேரல் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றான்.
சித்தப்பா கூடப் போனார்.
திரும்பி வந்தபோது
இருவரும் வெவ்வேறு சுவர்களைப் பார்த்தார்கள்.

மாவு டப்பாமேல் ரைமொண்டாஸின் கைபேசி அதிர்ந்தது.
அவன் காதில் வைத்துப் பிடித்தேன்.
எனக்குப் புரியாத மொழியில்
ஒரு சிறுமி மூச்சுவிடாமல் பேசினாள்.
“பூனை குட்டி போட்டிருக்கு,” என்றான் என்னிடம்,
“அஞ்சு. அவளோட ஸ்கூல் சட்டைமேலே.”
விரிப்புக்கு அந்தப் பக்கமிருந்து டேரல் கேட்டான்:
“என்ன நிறம்?”
“இன்னும் ஈரம். காஞ்சாத்தான் தெரியும்.”

பதினொன்று பத்துக்குக் கடைசிப் பேருந்து.
டேரலின் அத்தைமார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது
வெளியே நீலவிளக்கு சுழன்றது.

சண்டையை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை.
பரிமாறும் சன்னலின் சுருள்கதவு
வருஷக்கணக்காகப் பாதியில் சிக்கிக் கிடக்கிறது.
மேடையில் முழங்காலும் அதற்குக் கீழும் மட்டும் தெரியும்.
வெள்ளைக் காலணி துள்ளியது.
கறுப்புக் காலணி நடந்தது,
காலை ஷிப்டுக்குப் போவதைப் போல.

மூன்றாம் சுற்று.
மேலே என்ன நடந்ததோ,
கூட்டம் வாயடைத்தது.
வெள்ளைக் காலணிக்காரனின் முழங்கால்கள்
நனைந்த அட்டைப்பெட்டியாக இளகின.
கறுப்புக் காலணி ஓரடி முன்னே வந்தது.
நின்றது.
பிறகு அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு
பராக்குப் பார்ப்பதுபோல இடப்பக்கம் சுற்றிப் போனது.

நாற்பதுக்கு முப்பத்தாறு. டேரல்.
அத்தைமார் பேருந்தை மறந்து கத்தினார்கள்.

கத்தரியால் பட்டையை அறுத்தேன்.
ரைமொண்டாஸ் என்னைப் பார்க்கவில்லை;
சன்னலைப் பார்த்தான்,
எவ்வளவு திறந்திருக்கிறதென்று.
“அடுத்த சனி ரோதர்ஹாம்,” என்றான்.
ஜெயிக்கிற வெளியூர்க்காரனை
யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை.
கவரைப் பிரித்து எண்ணினான், இரண்டு தடவை,
பிறகு கைபேசியைத் தன் கையாலேயே எடுத்தான்.

டேரல் விரிப்பை விலக்கினான், உதடு வீங்கி.
“காஞ்சிடுச்சா?”
இரண்டு தலைகள் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்தன.

நான் கையுறைகளைத் துடைத்தேன்.
அடுப்படியில் கடைசிச் சண்டைக்காரன்
கைகளை நீட்டிக்கொண்டு நின்றான்.
வலதை மாட்டியதும் சொன்னான்:
“சூடா இருக்கே.”