கால் உடைந்த ஏழு

வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் வந்தது,
கட்டில் விரிப்பில் சுற்றி, பொலிஸ் கடிதம் ஊசியால் குத்தி.
முதலில் துவக்கு இறங்கியது,
பிறகுதான் மிஸ் பூலியர்.

"அப்பா லண்டனில் வாங்கினது.
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலு.
இடது பக்கம் அடிக்குதில்லை."

கொம்பனித்தெருவில் மத்தியானம் மூன்று மணி.
ரயில் போனால் என் ஆணிப்பெட்டி நடுங்கும்.
முன்கட்டையைக் கழற்றி, இரட்டைக் குழலைப் பிரித்து,
கொக்கியில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினேன்.
மணி. நீண்ட மணி.
நடுப்பட்டி இளகியிருந்தால் தகரம்போலக் கரகரத்திருக்கும்.

இங்கிலாந்துக் குழல் என்றால்
சோதித்தவன் அடியில் குத்திவிட்ட கிரீடமும் எழுத்தும் இருக்கும்,
தடுப்பூசித் தழும்புமாதிரி.
மண்ணெண்ணெய்ச் சீலையால் மூன்றுதரம் துடைத்தேன்.
தழும்பில்லை.
இருப்பது ஒரு காப்புரிமைத் திகதி, பாதி துரு தின்றது.
அது பிறந்தநாள் அல்ல;
அதற்கு முந்திப் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.
தோட்டா அறை, இப்போதைய அளவுக்கு
ஒரு நெல்லின் அகலம் குறைவு.
கட்டை கறுப்பு வால்நட்.

"அமெரிக்கா" என்றேன்.
அவ கைப்பையைப் பூட்டினா.
"அப்பா பொய் சொல்லமாட்டார்."
"விற்றவன் சொல்லியிருப்பான், மிஸ்."

அனுமதிப்பத்திரத்தில் இலக்கம் 4177.
மலிவான துவக்கு, இலக்கம் கேட்கிற சட்டம் வருமுன் பிறந்தது,
தொழிற்சாலை ஒன்றும் போட்டு அனுப்பவில்லை.
ஆனால் விசைக்காப்பில், சரிவாக,
யாரோ கையால் அடித்த நான்கு எண்கள்.
உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தேன்.
இரண்டு ஏழுக்கும் கால்நுனி உடைந்திருந்தது.

அந்த அச்சு என்னிடம்தான் இருக்கிறது,
பால்மா டின்னுக்குள்,
ஆறோடும் எட்டோடும் உரசிக்கொண்டு.

எண்பத்து நாலு.
தோட்டத் துவக்குகளைக் கொண்டுவந்து குவித்தார்கள்,
இலக்கமில்லாததுக்கெல்லாம் இலக்கம் போடு என்றார்கள்.
முப்பத்தொன்று. இரவிரவாக அடித்தேன்.
கான்ஸ்டபிள் வாசல் முக்காலியில் இருந்து எழுதினார்,
நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.
விடிய, கடைசித் துவக்கும் லொறியில் ஏறினபிறகு
அதே கொப்பியைத் திருப்பி என்னைக் கேட்டார்:
பெயர். அருமைத்துரை.
பிறந்த இடம். திகதி.
எதற்காகக் கொழும்பில்.
சொன்னதையெல்லாம் எழுதினார்,
புதுப்பக்கம் எடுக்கவில்லை,
முப்பத்திரண்டாவது வரி.

மிஸ் பூலியருக்குச் சொன்னது இவ்வளவுதான்:
உள்ளே வில் முறிந்திருக்கு, வியாழக்கிழமை வாங்க.

லொறிப் பட்டையில் ஒரு துண்டு வெட்டினேன்.
அரம் நீளவாக்கில் மட்டும் ஓடவேண்டும்,
குறுக்குக் கீறல் விழுந்த இடத்தில்தான் வில் முறியும்.
சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து,
மறுபடி மெதுவாக, மயில்கழுத்து நீலம் வரும்வரை.
நீலம் வருமுன் எடுத்தால் கண்ணாடி, தாண்டிப்போனால் சோம்பேறி.
முதலாவது முறிந்தது.
இரண்டாவதைப் பூட்டும்போது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

வியாழன். வெற்றறையில் இழுத்துக் காட்டினேன்.
வலது குதிரை விழுந்தது. இடதும் விழுந்தது, கொஞ்சம் உரத்து.

பற்றுச்சீட்டில் இங்கிலாந்து என்று போடலாமா எனக் கேட்டா,
பழைய தாள்களில் அப்படித்தான் இருக்கு,
மாற்றினால் கந்தோர் கந்தோராக அலையவேண்டும்,
தனக்கு முழங்கால் சரியில்லை.

பேனையைப் பிடித்தபடி கொஞ்சநேரம் இருந்தேன்.
செய்த நாடு: அனுமதிப்பத்திரத்தில் உள்ளபடி.
இலக்கம்: 4177. அதை மட்டும் அழுத்தி எழுதினேன்.

காசை இரண்டுதரம் எண்ணித் தந்தா.
போகுமுன் பெருவிரலால் விசைக்காப்பைத் தடவினா.
"இந்த ஏழு ரெண்டும் ஏன் இப்படி?"

"அவசரத்தில் அடிச்சது, மிஸ்" என்றேன்,
விரிப்பை மடித்துக் கொடுத்தேன்.