பின்கதவுக் கணக்கு

நல்ல கொரியச் சாப்பாட்டுக்கடை எது என்று
நீங்களாவது கேட்டீர்களே.

முன்கதவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
பலகையில் இருப்பதும் தெரியாது,
அந்த எழுத்து எனக்கு வட்டமும் கோடும்தான்.
சாவோ பாவ்லோவில், போம் ரெட்டிரோவில்,
துணிக்கடைகள் கதவு தூக்குமுன்
நாலரை மணி இருட்டில்
கோசு இறக்குகிறவன் நான். பெயர் அதெனில்சன்.
உருண்டைக் கோசு இல்லை. நீளமாக, வெளிறி,
துணி சுற்றிய கைக்குழந்தை மாதிரி ஒரு கோசு.
இபியூனா வயலிலிருந்து, பெட்டிக்குப் பத்து.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
ஒரு சமையலறைக்கு அதன் குப்பைத்தொட்டி.
மூடியைத் திறந்ததும்
பூண்டுத்தோல் எழும்பிப் பறந்தால்
தைரியமாக உள்ளே போங்கள்.
உரித்த பூண்டை டப்பாவில் வாங்குகிறவர்களிடம்
தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.
மாட்டெலும்பு கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள்,
வெட்கப்பட வேண்டாம், அந்த நேரத்தில் தெருவில்
நானும் பூனைகளும்தான்.
சுண்ணாம்பு போல் வெளுத்து, துளைதுளையாக,
நாய்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பும் எலும்பு என்றால்
அதன் சாறு முழுக்கக் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது.

பிராட்டெஸ் தெரு மூலையில் ஒரு கடை.
போன வருடம் மார்ச்சில் நாள்தோறும் ஆறு பெட்டி.
ஜூனில் மூன்று.
ஆகஸ்டில், "பெயருக்கு ஒன்று போதும்" என்றான் முதலாளியின் மகன்.
செப்டம்பரில் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.
வாசலில் வரிசை, பித்தளை விளக்கு, குடை பிடித்த பெண்கள்.
பின்னால் ஆலைக் கிம்ச்சி
நீல வாளிகளில் இறங்கிக்கொண்டிருந்தது.
நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.
அந்த ஒரு பெட்டியும் எனக்கு வியாபாரம்தானே.

ஆனால் நீங்கள் கேட்டது நல்ல கடை.

ஜிப் மொத்த விற்பனைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி.
பலகை இல்லை. மணி வேலை செய்யாது.
நடத்துகிறவள் மல்சூன்.
கோசின் அடியில் கட்டைவிரலால் அழுத்துவாள்,
காதருகே வைத்துத் தட்டுவாள்,
பத்தில் இரண்டைத் திருப்பிவிடுவாள்.
விலை பேசுவது போர்த்துகீசியத்தில். திட்டுவதற்கு மட்டும் கொரியன்.
நூடுல்ஸ் அறுக்கிறவன் வில்மெர், பொலிவியாக்காரன்,
எதிர்க் கட்டடத்தில் எட்டு வருடம் பாவாடை தைத்தவன்.
மாவை மடித்து அவன் கத்தி வைத்தால்
நூலளவும் பிசகாது.
தையல்கூலி பாக்கி இன்னும் வரவில்லையாம்;
அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தடிமனாக விழும்.

ஒரு ஜூலை. தூறல். என் வேனின் கிளட்ச் போய்விட்டது.
மெக்கானிக் வருவதற்குள் மதியம்.
"மேலே வா" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள்.
முன்படிக்கட்டில் அன்றுதான் ஏறினேன்,
நனைந்த காலணியை எங்கே விடுவது என்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு.

ஒன்று சொல்ல மறந்தேன்:
அவள் தள்ளும் இரண்டு கோசும் என் வீட்டுக்குப் போகும்.
ஜுசாரா அதை நறுக்கி பீன்ஸில் போடுவாள்.
பதினோரு வருடம். கோசு என்றால் அவ்வளவுதான்,
ஈரமான காகிதம், கொஞ்சம் உப்பு
என்று நினைத்திருந்தோம் இருவரும்.

மேஜையில் சின்னத் தட்டுகள் வந்தன,
நான் கேட்காதவை.
சிவப்பாக ஒரு துண்டை வாயில் வைத்தேன்.
நறுக்கென்றது.
புளிப்பு முதலில், காரம் காதுக்குப் பின்னால்,
அப்புறம் எங்கிருந்தோ பேரிக்காய்போல் ஓர் இனிப்பு.
தேறிய கோசின் ருசி அது.
வில்மெர் கதவிடுக்கில் நின்று
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு தட்டு கேட்டேன். கொடுத்தாள்.
பில்லும் கொடுத்தாள். முழுத் தொகை,
ஒரு சல்லிக்காசு குறையவில்லை.
மறுநாள் காலை
பத்தில் மூன்றைத் திருப்பினாள்.