அரையே அரைக்கால்

திஜோனில், ஹீட்டர் விடாமல் இருமும் அறை.
மூன்று நிபுணர்கள், ஆறிய காபி, நான்.
கேட்பதுதான் என் வேலை:
"எத்தனை கிலோ நைட்ரஜன் போட்டால் அது அதிகம்?"

ஒதில் பெரஷோன், இருபத்தாறு வருடம் மண்ணை மோந்தவர்,
பென்சிலைக் கடித்தபடி சொன்னார்: நூற்றெண்பது.
"நூற்றெழுபத்தொன்பது?"
முறைத்தார்.
அந்த முறைப்பைத்தான் கோடாக வரைந்தேன்,
நூற்றிருபதில் கிளம்பிச் சாய்வாக ஏறும் கோடு.
அதில் எந்த மூட்டையும் சட்டென்று குற்றவாளி ஆவதில்லை.
கொஞ்சம் கொஞ்சமாக ஆகிறது.

மண்புழுவில் சண்டை வந்தது.
சதுர மீட்டருக்கு எண்பது போதும் என்றார் ஒருவர்.
"யாருக்குப் போதும், புழுவுக்கா?"
நிலத்தடி நீர் பார்க்கும் மார்செலின் மேசையைத் தட்டினாள்.
குறித்துக்கொண்டேன்: போதும், 0.4.
"பா மால்" என்று அவர்கள் சொன்னதெல்லாம்
என் நோட்டில் "பரவாயில்லை" என்று இறங்கியது.
அதற்கும் ஒரு கோடு.

விதி முப்பத்தொன்று:
களைக்கொல்லி குறைவு, சரிவு அதிகம், கிணறு பக்கத்தில் எனில்
(மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்)
கவலை நடுத்தரம்.

வெள்ளிக்கிழமை சோன் ஆற்றோரம்,
கயெத்தான் பூயோவின் பண்ணை.
நூற்றுப்பத்து ஹெக்டேர் கோதுமையும் கடுகும்,
யாரைக் கண்டாலும் குரைக்காத நாய்.
டிராக்டர் முகப்பின் மேல் மடிக்கணினியைத் திறந்தேன்.
0.62.

"எத்தனைக்கு?"
"ஒன்றுக்கு."
"ஒன்று வாங்கினவன் யார்?"
யாருமில்லை.
"பூஜ்யம்?"
அதுவும் யாருமில்லை.
சிரித்தார், முக்கால்வாசி.

அவரிடம் நான் சொல்லவில்லை,
இந்த எண்ணுக்கு என் மொழியில் பெயர் இருக்கிறது என்று:
அரையே அரைக்கால், ஓர் அரைக்காணி குறைய.
காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு.
நிலத்துக்கும் அதே சொல்.

பிறகு வேலி தாண்டிக் கூட்டிப்போனார்.
"இந்த மூலை எனக்கு ஆகாது.
இதைக் கேட்டார்களா உங்கள் ஆட்கள்?"
கேட்கவில்லை.
நாற்பத்தேழு விதிகளில் மூலைக்கு ஒன்றுமில்லை.

பூட்ஸை ஊன்றி எடுத்தார்.
தடத்தில் தண்ணீர் ஊறியது.
ஈரம், பிறகு பளபளப்பு, பிறகு
வானத்தில் ஒரு துண்டு.
எந்த நொடியில் அது குட்டை ஆனது என்று
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், நாயும்.

பேனா எடுத்தேன்.
"சொல்லுங்கள். எப்போதிலிருந்து ஆகாது?"
"ம்…" என்றார்.
அதிலிருந்து தொடங்கினேன்.