முதல் லேபிள்

ஸ்காட்லாந்தில், கடலோரம், லீவன் ஊர்.
பாட்டில் ஆலையின் மூன்றாம் வரிசையில்
இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன்.
விஸ்கி வரும். நான் பார்ப்பேன்:
நாற்பது சதவீதம், எழுநூறு மில்லி,
தொகுதி எண், தேதி,
வயிற்றுப்பிள்ளைக்காரி மேல் ஒரு குறுக்குக்கோடு.
லேபிள் மயிரிழை சாய்ந்தாலும்
மணியடித்து வரிசையை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டு.
நிறுத்தியிருக்கிறேன்.

ரோரி வாங்கியது நீல மாத்திரை, மூன்று.
சட்டைப் பொத்தான் போட்டுவைக்கிற அளவு பிளாஸ்டிக் உறை.
தூக்கம் வரும் என்றானாம் விற்றவன்.
உள்ளே என்ன என்று அவனுக்குத் தெரியாது,
அவனுக்கு விற்றவனுக்கும் தெரியாது.
எவனோ எங்கோ ஒரு கார் கொட்டகையில்
கண்ணளவாகப் போட்டுக் கிண்டியது.

போலீஸ்காரர்கள் நல்லவர்கள்.
தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள்.
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து
ஆறு வருடம் உள்ளே போட்டார்கள்.
அவன் நின்ற பஸ் நிறுத்தத்தில்
வியாழக்கிழமையே இன்னொருவன்,
அதே மாதிரி ஜாக்கெட்.

டிவியில் ஒருவர் சொன்னார்:
சட்டத்தைத் தளர்த்தினால் இளைஞர்களுக்குத்
தவறான செய்தி போய்விடுமாம்.
என் பிள்ளைக்கு எந்தச் செய்தியும் போகவில்லை ஐயா.
அந்த உறையில் ஓர் எழுத்துகூட இல்லை.

குடி நல்லது என்றா சொல்கிறேன்?
என் புருஷன் ஆர்ச்சி
லேபிள் ஒட்டியதைக் குடித்துத்தான் போனார்.
நானே ஒட்டியதாகவும் இருக்கலாம்.
ஆனால் ஒரு ராத்திரி
கடைக்காரர் பல்ஜிந்தர், கொடுக்க மாட்டேன் என்று
பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு
எனக்குப் போன் போட்டார்:
"மொய்ரா, வந்து கூட்டிக்கொண்டு போங்கள்."
பத்து மணிக்குக் கடை பூட்டியாக வேண்டும்.
கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் உரிமம்.
அது போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.
ஆபத்தானதற்குத்தானே அளவும் பூட்டும் வேண்டும்?
பாலுக்கா?
பஸ் நிறுத்தத்துக்காரன்
யாருக்குப் போன் போடுவான்?

பதினோரு வாரம் கழித்துத் தபால் வந்தது.
கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றே பிரித்தேன்.
ரத்தத்தில் இருந்தவை என்று நான்கு பெயர்கள்.
இரண்டு என் வாயில் நுழையவில்லை.
எதிரே மைக்ரோகிராம், தசமப் புள்ளியோடு.
தொகுதி எண் போல ஓர் எண். தேதி. கையெழுத்து.

அவன் விழுங்கியதற்கு
யாரோ ஒட்டிய முதல் லேபிள்.

நேராகத்தான் ஒட்டியிருந்தார்கள்.
ஆனாலும் என் கை
அடுப்புக்கு மேலே, வெறும் சுவரில்,
மணியைத் தேடிப் போனது.