ஐம்பத்தொன்று

மூன்று பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க
இன்றிரவு பன்னிரண்டு வரை நேரம்.
ஷார்ஜா, நஹ்தா, ஏழாவது மாடி.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
லேப்டாப் சூடாகிக்கொண்டிருக்கிறது.

டொரொன்டோவிலிருந்து இல்ஹாம் மச்சான்
எக்செல் தாள் அனுப்பியிருக்கிறார்.
டேட்டா சயின்ஸ், ஆக்சுவரி, வெறும் கணக்கு.
எதிரே சராசரிச் சம்பளம்.
'வெறும்' அவர் போட்ட சொல்.
அந்த வரிக்கு மட்டும் சிவப்பு.

சராசரியை நான் நம்புவதில்லை.
கட்டட முதலாளி மாதம் ஒருமுறை
எங்கள் லிஃப்டில் ஏறுவார்.
அவர் இறங்கும்வரை
கேஸ் சிலிண்டர் தூக்கிவரும் பையன் உட்பட
உள்ளே நிற்கும் ஆறு பேரும்
சராசரியில் கோடீஸ்வரர்கள்.

எனக்குப் பிடித்தவை பகா எண்கள்.
எதுக்கு உதவும் என்றாள் உம்மா.
பதினேழை யாரும் பங்கு போட முடியாது,
அதுக்குத்தான் என்றேன்.
கூடக் குடியிருக்கும் குடும்பத்தோடு
வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தவள்
தாளிலிருந்து நிமிரவில்லை.

சரி, ஆக்சுவரி என்றால் என்னவென்று
மாதிரித் தேர்வைத் திறந்தேன்.
முதல் கேள்வி:
ஐம்பத்தொரு வயது ஆண். புகைப்பழக்கம் இல்லை.
ஓராண்டுக்குள் அவர் இறப்பதற்கான நிகழ்தகவைக் காண்க.
அட்டவணை கீழே.

வாப்பாவுக்கு ஐம்பத்தொன்று.
புகைப்பதில்லை.
ஸஜாவில் கான்கிரீட் லாரி ஓட்டுகிறார்.
ஜூலை மதியத்தில் ஆட்களுக்கு ஓய்வு உண்டு;
பின்னால் சுழலும் பீப்பாய்க்குக் கிடையாது,
நின்றால் இறுகிவிடும்.
அட்டவணையில் அதற்கொரு கட்டம் தேடினேன்.
வயது இருந்தது. புகை இருந்தது.

விடை சுலபம்.
புள்ளிக்குப் பின் இரண்டு சுழியம், ஒரு நாலு.
பச்சை டிக் விழுந்தது.
ஆயிரத்தில் நாலு பேர்.
எங்கள் கட்டடத்தில் எத்தனை ஆண்கள் என்று
எண்ண ஆரம்பித்து
மூன்றாவது மாடியில் நிறுத்திக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு வாப்பா வந்தார்.
கழற்றிய பூட்ஸிலிருந்து சிமெண்ட் உதிர்ந்தது.
"போட்டுட்டியாம்மா?"
"இன்னும் இல்ல."
"எதுல சீக்கிரம் வேல கெடைக்கும்?"
"இன்னும் எத்தன வருஷம் வாப்பா, இந்த லாரி?"
விரல் மடக்க ஆரம்பித்தார்.
அதற்குள் சோறு வந்துவிட்டது,
மடக்கிய விரல்களை விரித்துச் சாப்பிட்டார்.

அந்த அட்டவணையைப் போட்டவர் யாரோ,
அவர் மேசையில் எனக்கு வேலை இருக்கிறது.
சம்பளமும் மோசமில்லை, மச்சான் தாளின்படி.
பகா எண்கள் எங்கும் போகப்போவதில்லை;
அவற்றுக்கு விசா வேண்டாம்.

நாலு நிமிடம் மீதமிருக்க
இரண்டாவதை அழுத்தினேன்.
உறுதியா என்று கேட்டது திரை.
வாளி விளிம்புவரை நிரம்பியிருந்தது.
கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து
ஆம் என்றேன்.